எலும்பிணைவு: ஆஸியோஇன்டெக்ரேஷன்

பல் இம்பிளான்ட் (தாடையெலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பொருத்திக்கொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்டிருக்கக்கூடிய சொல் ‘ஆஸியோஇன்டெக்ரேஷன்’. எலும்பைக் குறிக்கும் ‘ஓஸ்’, முழுமையாக்குதலைக் குறிக்கும் ‘இன்டெக்ராரே’ என்னும் இலத்தீன் வேர்களிலிருந்து உருவான இது, உயிருள்ள எலும்பும் பாரந்தாங்கும் உலோகப் பரப்பும் இடையில் நார்த்திசு இல்லாமல் நேரடியாக இணைந்து நிற்பதைச் சுட்டும். 1950களில் சுவீடனின் லுண்ட் நகரில், முயலின் கால் எலும்பில் குருதியோட்டத்தைக் காண டைட்டானியக் கூட்டைப் பொருத்திய மருத்துவ ஆய்வாளர் பெர்-இங்வார் புரோனமார்க், ஆய்வு முடிந்தபின் அதைக் கழற்ற முடியாதபடி எலும்பு பற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். 1965இல் அவர் முதல் நோயாளிக்கு டைட்டானியப் பல் இம்பிளான்ட் பொருத்தினார் என்றாலும், இச்சொல் 1977இல்தான் அச்சேறியது.

அவருடைய தொடக்ககால முறையில், கடைசல் பிடித்த வழவழப்பான திருகுகளைப் பொருத்திய பின், பாரம் ஏற்றாமல் கீழ்த்தாடைக்கு 3 மாதமும் மேல்தாடைக்கு 6 மாதமும் காத்திருந்தார்கள். அக்காலம் குறைந்ததற்குப் பரப்பின் சொரசொரப்பு ஒரு முக்கியக் காரணம். துளையிட்ட இடத்தில் முதலில் உறைவது இரத்தம். அந்த உறைவிலுள்ள ஃபைப்ரின் என்னும் புரத இழைகளைப் பற்றி இழுத்தபடிதான் எலும்பாக்கச் செல்கள் உலோகத்தை நோக்கி நகர்கின்றன. வழவழப்பான பரப்பில் இழைகள் அந்த இழுப்புக்கு எளிதில் பெயர்ந்துவிடுவதால், எலும்பு துளையின் சுவரிலிருந்து மட்டுமே உலோகத்தை நோக்கி வளர வேண்டியிருக்கிறது. சொரசொரப்பான பரப்பிலோ இழைகள் நுண்குழிகளில் சிக்கி நிலைக்க, செல்கள் உலோகத்தையே அடைந்து, அங்கிருந்தும் எலும்பைப் படியவைக்கின்றன. முன்னதைத் தொலைவு எலும்பாக்கம் என்றும் பின்னதைத் தொடு எலும்பாக்கம் என்றும் தமிழில் வழங்கலாம்.

ஆனால் சொரசொரப்பு மிகுந்தால் பயனும் மிகும் என்று கொள்ளக்கூடாது. சராசரி மேடுபள்ளம் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வரை உள்ள பரப்புகளே எலும்பின் நல்ல துலங்கலைப் பெறுகின்றன. அதனினும் கரடான பரப்பு ஈறு இறங்கி வெளிப்பட்டால் பாக்டீரியாப் படலத்துக்கு வசதியாகிவிடும். இன்று பரவலாக உள்ள ஒரு முறையில், அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) துகள்களை வேகமாக வீசிப் பெரிய குழிகளை உண்டாக்கியபின், அமிலத்தால் அரித்து அவற்றுக்குள் நுண்குழிகளை உருவாக்குகிறார்கள்.

தமிழில் ‘எலும்பு ஒருங்கிணைப்பு’ என்று எழுதுவது நேர்பெயர்ப்புதான். எனினும் அது குழுக்களையும் பணிகளையும் ஒருங்கிணைப்பதையே நினைவூட்டுகிறது. ‘எலும்பொன்றல்’ சற்று மிகை. டைட்டானியம் எலும்பாக மாறுவதில்லை, அதன் மேல் இயல்பாகப் படர்ந்திருக்கும் சில நானோமீட்டர் ஆக்சைடுப் படலம்தான் எலும்பை எதிர்கொள்கிறது. எனவே இணைந்தும் வேறாக நிற்பதைக் காட்டும் ‘எலும்பிணைவு’ பொருத்தமானது. முறிந்த எலும்பு சேர்வதோடு இது குழம்பாது; அதற்கு ‘எலும்பு கூடுதல்’ என்ற பேச்சு வழக்கு ஏற்கெனவே நம்மிடம் உள்ளது. எலும்புக்குப் பதிலாக நார்த்திசு சூழ்ந்து இம்பிளான்ட் ஆடும் நிலையை ‘நார்ச்சூழ்வு’ எனலாம்.