உணவுச் சாயம்: ‘கலர்’ என்ற சொல் மூடி மறைப்பது

பேச்சில் ‘ஃபுட் கலர்’ என்கிறோம். அச்சில் அதுவே செயற்கை வண்ணம், நிறமி, சாயம், நிறமூட்டி என்று இடத்துக்கு ஒரு பெயரோடு வருகிறது. இவை ஒரே பொருளின் பல பெயர்கள் அல்ல. வீட்டுச் சாப்பாட்டிலிருந்து, குறிப்பாகக் குழந்தைகளின் தட்டிலிருந்து, செயற்கை நிறத்தை விலக்க நினைப்பவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது எதை விலக்குகிறோம் என்பதுதான்.

‘கலர்’ என்பதற்கு மூலமான லத்தீன் சொல், ‘மூடுதல், மறைத்தல்’ என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது என்பது சொல்லாய்வாளர்களின் கருத்து. மேலே போர்த்தியிருப்பது எதுவோ, அதுதான் கலர். பழமே இல்லாத பானத்துக்குப் பழத்தின் தோற்றம் தரும் பொருளுக்கு இது பொருத்தமான பெயர்தான். ஆனால் நாம் பொத்தாம்பொதுவாகக் ‘கலர்’ என்னும்போது மஞ்சள் கிழங்கின் சாறும் தொழிற்சாலையில் பிறந்த சாயமும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன.

தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். ‘நிறமி’ நிறம் என்ற சொல்லிலிருந்து இக்காலத்தில் ஆக்கிக்கொண்ட கலைச்சொல். இலையின் பச்சையம், தோலின் மெலனின் ஆகியவற்றைப் பாடநூல்கள் நிறமி என்கின்றன. வேதியியலில் வரையறை இன்னும் கறாரானது: கரையாமல் துகளாகவே நின்று நிறம் தருவது நிறமி, கரைந்து உள்ளே ஏறி நிறம் தருவது சாயம். அப்படிப் பார்த்தால் மிட்டாயிலும் பானத்திலும் சேரும் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ போன்றவை நிறமிகள் அல்ல, தண்ணீரில் கரையும் சாயங்கள். சாயம் என்றதும் துணி நினைவுக்கு வருவதால் சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. துணிக்கு ஏற்றும் அஸோ சாயங்களின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் இவற்றில் பெரும்பாலானவை.

‘நிறமூட்டி’ விரிந்த சொல். இயற்கையோ செயற்கையோ, நிறத்துக்காக உணவில் சேர்ப்பது எல்லாம் நிறமூட்டி. ஊட்டுதல் என்பது குழந்தைக்குச் சோறு கொடுப்பதையும் குறிக்கும், பாதத்துக்குச் செம்பஞ்சு தீட்டுவதையும் குறிக்கும். உணவில் சேர்க்கும் நிறத்துக்கு இதைவிடப் பொருந்திய வினை வேறில்லை. ஆகவே என் பரிந்துரை: பொதுவாகச் சொல்ல உணவு நிறமூட்டி, விலக்க விரும்புவதைச் சொல்லச் செயற்கை உணவுச் சாயம்.

இந்தச் செயற்கை என்ற அடைமொழிக்கு இலக்கணம் தனியாக ஒரு விதியே வைத்திருக்கிறது. ‘செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்’ என்கிறது தொல்காப்பியம். இயற்கையாக உள்ளதை ‘இது இத்தன்மையது’ என்று சொன்னால் போதும். செய்து உண்டானதை ‘ஆயிற்று’ என்று சொல்ல வேண்டும். அடுத்த நூற்பா, ‘ஆக்கந் தானே காரண முதற்றே’: அந்த ஆக்கத்தைச் சொல்லும்போது காரணத்தை முன்னால் வைக்க வேண்டும். மஞ்சள் கிழங்கு மஞ்சளாக இருக்கிறது. பானமோ, டார்ட்ரசின் சேர்த்ததால் மஞ்சளாயிற்று. ஓர் உணவுப் பொட்டலத்தின் உட்பொருள் பட்டியலிடம் நான் எதிர்பார்ப்பதும் இதுவே. நிறத்தைக் காட்டினால் காரணத்தின் பெயரையும் சொல்லட்டும்.

காரணங்களின் பெயர்களுக்குள்ளும் வரலாறு இருக்கிறது. 1856இல் வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற 18 வயது இளைஞர், மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றபோது ஊதாச் சாயம் ஒன்று கிடைத்தது. நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற அனிலினை வைத்துத்தான் அந்தச் சோதனையைச் செய்தார். அனிலின் என்ற பெயரைப் பிரித்தால் உள்ளே நமக்குத் தெரிந்த ‘நீலம்’ கிடைக்கிறது! வடமொழி ‘நீல’, அரபியில் ‘அந்நீல்’ ஆகி, போர்ச்சுகீசியத்தில் ‘அனில்’ ஆனது. அவுரிச் சாயத்திலிருந்து 1840இல் இந்தப் பொருளைப் பிரித்தெடுத்த வேதியியலாளர் ஃபிரிட்ஷே, அனிலின் என்று பெயரிட்டார். செடியின் பெயரைச் சுமந்துகொண்டே அது தாருக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய உணவுச் சாயங்களின் மூலப்பொருள் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது.

‘அஸோ’ நைட்ரஜனின் பிரெஞ்சுப் பெயரான ‘அஸோட்’ என்பதிலிருந்து வந்தது. கிரேக்க வேரில் ‘உயிரற்றது’ என்று பொருள். இதைக் கேட்டுப் பயப்பட ஏதுமில்லை, மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இணைந்திருப்பதை மட்டுமே அந்தப் பெயர் சொல்கிறது.

குழப்பம் தரும் ஒரு சோடி உண்டு. கார்மைன், கார்மோய்சின். இரண்டும் சிவப்பு, இரண்டு பெயரும் ‘புழுவில் பிறந்தது’ என்று பொருள்படும் ‘கிருமிஜ’ என்ற வடமொழிச் சொல்லோடு உறவுடையவை. கார்மைன் (உட்பொருள் பட்டியலில் எண் 120) உண்மையிலேயே பூச்சியை உலர்த்தி எடுப்பது. செயற்கை அல்ல, ஆனால் சைவ உணவுக்காரர்கள் தவிர்ப்பது. கார்மோய்சின் (எண் 122) முழுக்கச் செயற்கையான அஸோ சாயம். பெயரை அரைகுறையாகப் படித்தால் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வோம்.

இனி, ஏன் விலக்க வேண்டும் என்ற கேள்வி. 2007இல் பிரிட்டனின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வு வெளிவந்தது. மூன்று வயதுக் குழந்தைகள் 153 பேருக்கும், எட்டு ஒன்பது வயதினர் 144 பேருக்கும் சாயக் கலவையும் சோடியம் பென்சோயேட் என்ற கெடாமல் காக்கும் பொருளும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகளிடம் மிகைத்துடிப்பு கூடியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைச் சிறிய விளைவு, சான்றும் குறைவு என்றே மதிப்பிட்டது. இருந்தாலும் 2010 ஜூலை முதல், 102, 104, 110, 122, 124, 129 ஆகிய ஆறு சாயங்கள் உள்ள உணவில் ‘குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கை ஐரோப்பாவில் கட்டாயமானது. எல்லாக் குழந்தைக்கும் இது நேரும் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சாயத்தால் உடம்புக்கு எந்தச் சத்தும் இல்லை, சுவையும் கூடுவதில்லை. பலன் வெறும் கண்ணுக்கு என்னும்போது, சிறிய ஐயம் இருந்தாலும் விலக்குவதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

எரித்ரோசின் (எண் 127) என்ற சிவப்புச் சாயத்தின் விஷயம் வேறு. ஆண் எலிகளில் தைராய்டு கட்டிகளை உண்டாக்கியதால் அமெரிக்கா 1990இல் அதை அழகுப்பொருள்களில் தடை செய்தது. உணவுக்கான அனுமதியை விலக்கிக்கொண்டது 2025 ஜனவரியில்தான். உதட்டில் பூசக் கூடாதது என்று முடிவான ஒன்று 35 ஆண்டுகள் தின்பண்டத்தில் தொடர்ந்திருக்கிறது.

ஒரு பானப் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். தண்ணீர், சர்க்கரை, அமிலச் சீராக்கி 330 என்று எடையின் இறங்குவரிசையில் போய், கடைசியில் ‘நிறம் 102, 124’ என்று முடியும். எவ்வளவு என்று அங்கே இருக்காது. 102 டார்ட்ரசின், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அன்றாட வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம். 124 பொன்சோ 4ஆர். அதன் வரம்பு 0.7 மட்டுமே. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதலாவது 150 மில்லிகிராம் வரை என்றால், இரண்டாவது 14 மில்லிகிராம் வரைதான். பத்து மடங்குக்கும் அதிகமான இந்த வேறுபாடு ‘நிறம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் காணாமல் போகிறது. எல்லா எண்ணையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மேலே சொன்ன ஆறோடு 127ஐயும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினால் போதும். 100 மஞ்சள், 162 பீட்ரூட், 163 பழங்களின் ஊதாச் சிவப்பு. இவை அந்தத் தாளில் வேண்டியதில்லை.

‘லேக்’ என்ற சொல்லும் சில பட்டியல்களில் வரும். இது ஏரி அல்ல. ‘லாக்ஷா’ என்ற வடமொழிச் சொல்லின் வழியில் வந்தது, தமிழில் அரக்கு. சாயத்தை அலுமினியச் சேர்மத்தில் படியவைத்துக் கரையாததாக மாற்றுவதே லேக். பூச்சிட்ட மாத்திரைகளில் இது அதிகம். குழந்தைகளின் இருமல் மருந்திலும் மெல்லும் வைட்டமினிலும் கூடச் சாயம் உண்டு. அதற்காக மருந்தை நாமாக நிறுத்திவிடக் கூடாது. சாயம் சேராத வடிவம் இருக்கிறதா என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.