500 மீட்டரில் நின்றுபோன ஹைப்பர்லூப்

2020 நவம்பர் 8 அன்று, அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், லாஸ் வேகஸ் நகருக்கு வெளியே நீண்டு கிடந்த ஒரு வெள்ளை நிற எஃகுக் குழாய்க்குள், ஜோஷ் கீகல், சாரா லூச்சியன் என்ற இருவர் ஒரு சிறிய பெட்டியில் ஏறி அமர்ந்து வார்களைப் பூட்டிக்கொண்டார்கள். சுற்றியிருந்த காற்றைப் பம்புகள் உறிஞ்சி எடுத்தபின் பெட்டி புறப்பட்டது. மணிக்கு 172 கி.மீ. வேகத்தைத் தொட்டு, ஏறத்தாழ 15 விநாடிகளில் மறுமுனையை அடைந்து நின்றது. ஹைப்பர்லூப் குழாய்க்குள் மனிதர்கள் பயணம் செய்தது அதுவே முதல் முறை. அந்தச் சோதனையை நடத்திய ஹைப்பர்லூப் ஒன் நிறுவனம் 2023 டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது.

மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் என்று பேசப்பட்ட ஒரு தொழில்நுட்பம் ஏன் 172இல் ஓடியது என்று கேட்டால், அந்த நிறுவனம் எழுந்த விதமும் விழுந்த விதமும் இயற்பியல் வழியாகவே புரியும் என்பது என் எண்ணம்.

வேகமாகச் செல்லும் எந்த ஊர்திக்கும் முதல் எதிரி காற்றுதான். காற்றின் தடை வேகத்தின் இருமடியாகவும், அதை வெல்லத் தேவையான திறன் மும்மடியாகவும் உயர்கின்றன. 100 கி.மீ. வேகத்தில் ஓடும் ஊர்தி அதே காற்றில் 1,000 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டுமென்றால் ஆயிரம் மடங்கு திறன் வேண்டும். விமானங்கள் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிக்கொள்வது காற்று அங்கே மெலிந்திருப்பதால்தான். அந்த மெலிந்த காற்றைத் தரைக்கே கொண்டுவந்து, ஒரு குழாய்க்குள் அடைத்து, அதனுள் ஊர்தியை ஓட்டினால் என்ன என்பதே ஹைப்பர்லூப்பின் அடிப்படை. எலான் மஸ்க் 2013 ஆகஸ்டில் வெளியிட்ட 58 பக்க வரைவில் குழாயின் அழுத்தம் 100 பாஸ்கல், அதாவது கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 35 நிமிடம், உச்ச வேகம் மணிக்கு 1,220 கி.மீ., செலவு சுமார் 600 கோடி டாலர் என்று அந்த வரைவு கணக்குச் சொன்னது.

மீதமிருக்கும் அந்தச் சொற்பக் காற்றும் தொல்லை தரக்கூடியது. ஊசிமருந்து ஏற்றும் சிரிஞ்சை நினைத்துப் பாருங்கள்: தண்டுக்கும் குழலுக்கும் இடையே இடைவெளியே இல்லாததால் முன்னால் இருப்பதெல்லாம் மொத்தமாகத் தள்ளப்படுகிறது. குழாயை ஏறக்குறைய நிறைத்துக்கொண்டு ஓடும் பெட்டியும் அப்படித்தான். சுற்றியுள்ள இடைவெளி வழியாகப் பின்னால் நழுவும் காற்று அந்த இடுக்கில் ஒலியின் வேகத்தை எட்டியதும், அதற்கு மேல் காற்றுக்கு வழி கிடைக்காது. பெட்டியின் முன்னால் குவியத் தொடங்கும். இதைக் கான்ட்ரோவிட்ஸ் வரம்பு என்பார்கள். பெட்டியின் மூக்கில் ஒரு கம்பிரசரை வைத்து அந்தக் காற்றை விழுங்கச் செய்து, அதிலேயே பெட்டியை மிதக்கவும் விடலாம் என்றார் மஸ்க். 2014இல் ஷெர்வின் பிஷெவாரும் கீகலும் பிரோகன் பாம்பிரோகனும் தொடங்கி, 2016 முதல் ஹைப்பர்லூப் ஒன் என்று பெயர் கொண்ட நிறுவனம் அந்த வழியைக் கைவிட்டது. குழாயின் விட்டத்தை 3.3 மீட்டராக அகட்டி, பெட்டியைக் காந்தத்தால் மிதக்கவிட்டது.

அதன் முதல் பெட்டியில் இருந்தவை நிலைக்காந்தங்கள். காந்தம் ஓர் உலோகத் தடத்தின் மேல் விரைந்து செல்லும்போது தடத்தில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை உண்டாக்கும் காந்தப்புலம் வரும் காந்தத்தை எதிர்த்துத் தள்ளி மேலே தூக்குகிறது. நிற்கும்போது தூக்கு விசை இல்லை என்பதால் தொடக்கத்தில் சக்கரம் வேண்டும். உந்துவிசைக்கு நேரியல் மோட்டார்: வட்டமாகச் சுற்றியிருக்கும் மோட்டார்ச் சுருளை ஓரிடத்தில் வெட்டி, பாயை விரிப்பதுபோல் தடத்தின் நீளத்துக்கு விரித்துவிட்டால் அதுவே நேரியல் மோட்டார்.

டெவ்லூப் என்ற அந்தச் சோதனைக் குழாயின் நீளம் 500 மீட்டர். அதிலிருக்கும் காற்றை வெளியேற்ற, கோட்பாட்டளவில், சுமார் 120 யூனிட் மின்சாரம் போதும். பம்புகளின் இழப்பைச் சேர்த்து அதைப்போல் சில மடங்கு ஆனாலும் ஒரு நிறுவனத்துக்கு அது பொருட்டே அல்ல. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாயில், ஆயிரக்கணக்கான இணைப்புகளில், அந்த அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் கசியாமல் காப்பதுதான் கடினம். காற்றின் எடை ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன். 3.3 மீட்டர் விட்டக் குழாயின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் வெளியிலிருந்து நூறு டன்னுக்கு மேல் அமுக்கிக்கொண்டே இருக்கிறது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய தண்டவாளங்களில் இரும்பு விரிவதற்காக விட்டுவைத்த இடைவெளிகளால் எழுந்த ‘தடக் தடக்’ ஓசை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 150 கி.மீ. எஃகுக் குழாய் 30 டிகிரி சூடேறினால் ஐம்பது மீட்டருக்கு மேல் நீளும். அந்த நீட்சியை வாங்கிக்கொள்ளும் இணைப்பு அசையவும் வேண்டும், காற்றை உள்ளே விடாமலும் இருக்க வேண்டும், ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் மேலே பெட்டி செல்லும்போது பிசகாமலும் இருக்க வேண்டும். இவற்றுள் எதுவும் முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதையும் 500 மீட்டரில் மெய்ப்பிக்க முடியாது.

வேகத்தின் கதையும் அதுவே. 2017 டிசம்பரில் ஆளில்லாத பெட்டி டெவ்லூப்பில் மணிக்கு 387 கி.மீ. எட்டியது. பாதித் தூரத்தில் முடுக்கி, பாதித் தூரத்தில் நிறுத்துவதாக வைத்தால் அதற்கு ஏறத்தாழ 2.4 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 2.4 மடங்கு முடுக்கம் தேவை. மனிதர்களை ஏற்றியபோது வேகம் 172க்கு இறங்கியதில் வியப்பில்லை. பயணிகள் இயல்பாகத் தாங்கும் அளவு 0.2 ஜி என்று கொள்ளலாம். பேருந்தில் நிற்பவர் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவு அது. அந்த முடுக்கத்தில் 1,000 கி.மீ. வேகத்தை எட்ட ஏறத்தாழ 20 கி.மீ. தூரம் வேண்டும், நிற்க இன்னொரு 20 கி.மீ. ஆக, உச்ச வேகத்தில் ஒரு விநாடி ஓடிக் காட்டவே கிட்டத்தட்ட 40 கி.மீ. தடம் தேவை, அதுவும் ஏறக்குறைய நேர்கோடாக.

மஸ்க் வரைவின் மலிவான மதிப்பீட்டை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், 560 கி.மீ.க்கு 600 கோடி என்றால் 40 கி.மீ.க்கு ஏறத்தாழ 43 கோடி டாலர் ஆகும். ஹைப்பர்லூப் ஒன் தன் வாழ்நாள் முழுவதும் திரட்டிய முதலீடு சுமார் 45 கோடி டாலர். ஒரு பொருளைச் சிறிதாகச் செய்து காட்டி, அதை நம்பி வரும் பணத்தில் பெரிதாகச் செய்வதே புத்தொழில் நிறுவனங்களின் வழக்கம். இந்தப் பொருளைச் சிறிதாகச் செய்துகாட்ட வழியில்லை. நிறுவனம் விழுந்ததற்கு இதுவே வேர்க்காரணம் என்று கருதுகிறேன்.

ஜப்பானியர்கள் இதே 40 கி.மீ.யை வேறு வழியில் அடைந்தார்கள். அங்கே காந்த மிதவை ரயில் ஆய்வு 1962இல், அரசு ரயில்வேயில் தொடங்கியது. யமனாஷி சோதனைத் தடம் 1997இல் 18.4 கி.மீ.; 2013இல் அது 42.8 கி.மீ.க்கு நீட்டப்பட்டது, 2015 ஏப்ரலில் அதில் ஆட்களோடு மணிக்கு 603 கி.மீ. எட்டப்பட்டது. குழாய் இல்லாமல், திறந்த காற்றில், ஐம்பது ஆண்டுப் பொறுமைக்குப் பிறகு.

ஹைப்பர்லூப் ஒன்னுக்கு அந்த அவகாசம் இருக்கவில்லை. 2016லேயே நிறுவனர்களுக்குள் வழக்கு எழுந்து சமரசத்தில் முடிந்தது. 2017இல் ரிச்சர்ட் பிரான்சனின் வெர்ஜின் குழுமம் முதலீட்டோடு தன் பெயரையும் தந்தது. மகாராஷ்டிர அரசு மும்பை–புனே தடத்துக்கு 2018இல் உடன்பாடு செய்து, 2019இல் பொது உள்கட்டமைப்புத் திட்டமாக ஏற்றது. முதலில் கட்டத் திட்டமிட்ட 11.8 கி.மீ. சோதனைத் தடம் கட்டப்படவே இல்லை. 2022 பிப்ரவரியில் 111 பணியாளர்களை நீக்கிவிட்டு, இனிச் சரக்குப் போக்குவரத்து மட்டுமே என்றது நிறுவனம். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வெர்ஜின் பெயர் விலகியது. மூடியபோது அறிவுசார் சொத்துரிமைகள் பெரும்பங்குதாரரான, துபாயின் துறைமுக நிறுவனம் டி.பி. வேர்ல்டுக்குப் போயின.

தடத்தைக் கட்டியிருந்தாலும், எத்தனை பேரை ஏற்றிச் செல்ல முடியும் என்ற கேள்வி காத்திருந்தது. மஸ்க் வரைவின் பெட்டியில் 28 பேர். நெரிசல் நேரத்தில் 30 விநாடிக்கு ஒரு பெட்டி என்றால் மணிக்கு 3,360 பேர். டோக்கியோ–ஒசாகா ஷிங்கன்சென் அதிவேக ரயில் ஒன்றில் மட்டும் 1,323 இருக்கைகள். இடைவெளியை இன்னும் குறைக்கவும் இயலாது: 1,000 கி.மீ. வேகத்தில், 0.5 ஜி அளவில் அவசரமாக நிறுத்தினாலும் பெட்டி கிட்டத்தட்ட 8 கி.மீ. ஓடித்தான் நிற்கும், 30 விநாடியில் முன்பெட்டி இருக்கும் தூரமும் ஏறத்தாழ அதுவே.

இப்போது சென்னைக்கு அருகே தையூரில், ஐ.ஐ.டி. மெட்ராஸின் வளாகத்தில், 422 மீட்டர் நீளச் சோதனைக் குழாய் ஒன்று 2024இல் அமைந்திருக்கிறது. அதே கணக்கைப் போட்டால், 0.2 ஜி முடுக்கத்தில் அங்கே எட்டக்கூடிய உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 104 கி.மீ. தான். மாணவர்கள் அங்கே அளந்து பார்ப்பதற்கு மிதவை உண்டு, நேரியல் மோட்டார் உண்டு, தையூர் வெயிலில் காலையிலிருந்து மாலைக்குள் நீளும் அந்த எஃகும் உண்டு.