லோடு ஆவரேஜ்: பணிச்சுமைச் சராசரி

லினக்ஸ் கணினியின் முனையத்தில் 'அப்டைம்' என்று கட்டளையிட்டால், கணினி எவ்வளவு நேரமாக அணைக்கப்படாமல் ஓடுகிறது, எத்தனை பயனர்கள் உள்நுழைந்திருக்கிறார்கள் என்பவற்றைச் சொல்லிவிட்டு, வரியின் கடைசியில் 'லோடு ஆவரேஜ்' என்ற பெயரோடு 3.80, 2.10, 0.95 என்பதுபோல மூன்று எண்களைக் காட்டும். 'டாப்' கட்டளையின் முதல் வரியிலும் இவையே நிற்கின்றன. இவை முறையே கடந்த 1, 5, 15 நிமிடங்களுக்கு உரியவை என்பது பலருக்கும் தெரியும். எதை அளக்கின்றன என்பதில்தான் குழப்பம். நுண்செயலியின் பயன்பாட்டு விழுக்காடு என்றே பெரும்பாலோர் இவற்றைப் படித்துக்கொள்கிறார்கள். அது சரியன்று. இந்தக் குழப்பத்துக்கு இடம் தராத தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடுவதே இங்கு நோக்கம்.

லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் மரபில் இங்கே எண்ணப்படுபவை, நுண்செயலியில் ஓடிக்கொண்டிருக்கும் பணிகளும், ஓடத் தயாராக இருந்தும் தம் முறைக்காக வரிசையில் நிற்கும் பணிகளும் ஆகும். லினக்ஸ் இவற்றோடு மூன்றாவது வகை ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறது: வட்டு முதலியவற்றின் பதிலுக்காக, இடையில் எழுப்ப முடியாத உறக்கத்தில் கிடக்கும் பணிகள். 'டாப்' பட்டியலில் இவற்றின் நிலை 'டி' என்ற எழுத்தால் குறிக்கப்படும். வலையமைப்பு வழியாக இணைக்கப்பட்ட கோப்பகம் ஒன்று பதில் தராமல் நின்றுபோனால், அதைத் தொட்ட நிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக 'டி' நிலையில் சிக்கிக்கொள்ளும்; அப்போது இந்த எண் 20ஐக்கூடத் தாண்டிவிடும், நுண்செயலியோ ஏறத்தாழ வேலையின்றி இருக்கும்.

இந்த அளவீடு லினக்ஸைவிட மூத்தது. டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தில் 1970களின் தொடக்கத்திலேயே இது இருந்தது. 1973 ஜூலை மாதத்து டெனெக்ஸ் லோடு ஆவரேஜ்களைப் பற்றி வலையமைப்புத் தொழில்நுட்பக் குறிப்புகளின் வரிசையில் ஆர்எஃப்சி 546 என்ற ஆவணமே உள்ளது. லினக்ஸில் மூன்றாவது வகையைச் சேர்த்த திருத்தத்தை 1993இல் முன்வைத்தவர் மத்தியாஸ் உர்லிக்ஸ். நினைவகம் போதாதபோது தரவை ஒதுக்கி வைக்கும் இடமாற்று வட்டு வேகமானதாக இருக்க, அதை எடுத்துவிட்டு மெதுவானதைப் பொருத்தினால், கணினி தளர்கிறது, ஆனால் வட்டுக்காகக் காத்திருக்கும் பணிகள் எண்ணப்படாததால் லோடு எண் குறைகிறது; இது இயல்புக்கு ஒவ்வாதது என்பதே அவருடைய வாதம். அந்த ஒரு திருத்தத்தால், நுண்செயலிக்கான தேவையைக் காட்டிய எண், கணினி முழுவதன் மீதான தேவையைக் காட்டும் எண்ணாக மாறியது. தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது மனத்தில் வைக்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான்.

'லோடு' என்பதன் மூலமான பழைய ஆங்கிலச் சொல்லுக்கு வழி, பயணம், எடுத்துச் செல்லுதல் ஆகிய பொருள்கள் இருந்தன. பாரம் என்ற பொருள் பின்னர் வந்தது. 'ஆவரேஜ்' இன்னும் தொலைவிலிருந்து வந்தது. பழுது, சேதமுற்ற சரக்கு என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து மத்தியதரைக் கடல் வணிகத்தின் வழியே ஐரோப்பிய மொழிகளுக்குப் போய், கடலில் நேர்ந்த இழப்பை வணிகர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதைக் குறித்து, இறுதியில் கணக்கியலின் பொதுச் சொல்லாயிற்று. நம்முடைய 'சராசரி'யும் வந்த சொல்லே. பாரசீகத்திலிருந்து வந்த இது மராத்தியிலும் தெலுங்கிலும் உண்டு. தனித்தமிழ் வேண்டுவோர், மேடுபள்ளத்தைச் சமன்செய்தலைக் குறிக்கும் 'நிரவல்' என்பதை ஆளலாம்.

அந்தச் சொல் இங்கே நன்றாகவே பொருந்துகிறது. இந்த எண்கள் கூட்டி வகுத்துப் பெறும் சராசரியல்ல. இயங்குதளத்தின் மையமான கருவகம் (கெர்னல்) ஏறத்தாழ 5 நொடிக்கு ஒருமுறை பணிகளை எண்ணி, பழைய மதிப்பைச் சிறிது தேயவைத்து, புதியதைச் சிறிது கலக்கிறது. சும்மா இருந்த கணினியில் நுண்செயலியை முழுமையாக எடுத்துக்கொள்ளும் ஒரே ஒரு நிரலை ஓடவிட்டால், ஒரு நிமிடம் கழித்து முதல் எண் 1 ஆகியிருக்காது, 0.63ஐ ஒட்டித்தான் நிற்கும். ஆயினும் 'சராசரி' எல்லோருக்கும் பழகிய சொல்லாதலால் அதையே நான் கொள்கிறேன்.

'லோடு' என்ற முதற்பாதியே சிக்கலானது. 'சராசரிச் சுமை' என்றால் எடையின் நினைவு வருகிறது. 'செயலிச் சுமை' என்பதோ இருமடங்கு தவறு: அளக்கப்படுவது செயலி மட்டுமன்று, கைப்பேசிச் செயலிகளுக்கும் இன்று அதே சொல் வழங்குவதால் பொருள் மயக்கமும் சேர்கிறது. 'பணிச்சுமை' என்றால் கையில் உள்ள வேலையும், முடியாமல் காத்திருக்கும் வேலையும் சேர்ந்தே தமிழ் வாசகருக்குப் புலப்படுகின்றன. ஆகவே 'பணிச்சுமைச் சராசரி' என்பதே தக்க சொல். டாப் விழுக்காட்டில் காட்டுவதை 'நுண்செயலிப் பயன்பாடு' என்று தனியே பிரித்து வழங்க வேண்டும்.

பணிச்சுமைச் சராசரியை, நுண்செயலிக்குள் தனித்தனியே பணியாற்றும் உள்ளகங்களின் (கோர்) எண்ணிக்கையோடு சேர்த்தே படிக்க வேண்டும். அதை 'என்ப்ராக்' கட்டளை சொல்லும். மேலே கண்ட 3.80, நான்கு உள்ளகங்கள் கொண்ட கணினியில் தாங்கக்கூடியது, ஆனால் 0.95இலிருந்து ஏறி வந்திருப்பதால் கவனிக்கத்தக்கது. ஒரே உள்ளகம் கொண்ட கணினியிலோ அது நெரிசல். ஏற்றத்துக்குக் காரணம் நுண்செயலியா வட்டா என்று அறிய 'விஎம்ஸ்டாட்' உதவும்: ஓடுவனவும் முறைக்குக் காத்திருப்பனவும் 'ஆர்' என்ற நெடுவரிசையில் வரும், எழுப்ப முடியாதவை 'பி' என்ற நெடுவரிசையில் வரும். ஒவ்வோர் உள்ளகத்தின் பயன்பாட்டையும் 'எம்பிஸ்டாட்' தனித்தனியே காட்டும். 2018இல் வெளிவந்த லினக்ஸ் 4.20 முதல், நுண்செயலி, நினைவகம், உள்ளீடு-வெளியீடு ஒவ்வொன்றுக்காகவும் பணிகள் எவ்வளவு நேரம் தடைபட்டு நின்றன என்பதைக் கருவகமே தனித்தனிக் கோப்புகளில் தருகிறது. இந்த வசதியின் ஆங்கிலப் பெயரான 'பிரஷர் ஸ்டால் இன்ஃபர்மேஷன்' என்பதில் உள்ள 'பிரஷர்' என்பதை 'அழுத்தம்' என்று பெயர்த்தால் பணிச்சுமையோடு குழம்பாது.