ஸ்நார்கல் மாட்டிய வண்டியும் மூழ்கும்

இந்த மாதமும் எங்கள் பட்டறைக்கு ஒன்று வந்துவிட்டது, டோ டிரக்கின் முதுகில். ஒரு பழைய சுசுகி ஜிம்னி, சின்ன ஜீப். சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவைப்படும் சிஓஇ சான்றிதழைப் புதுப்பித்து ஆசையாக வைத்திருந்த வண்டி. பக்கவாட்டில் கறுப்பு ஸ்நார்கல், அதாவது எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் குழாய், கூரை உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் சேற்றுத் தண்ணீர். உரிமையாளர் கேட்டதும் எல்லாரும் எங்களிடம் கேட்கும் அதே கேள்விதான்: "அண்ணே, ஸ்நார்கல் போட்டிருக்கேனே, அப்புறம் எப்படித் தண்ணி உள்ளே போச்சு?"

சிலிண்டருக்குள் போன தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. அதை விளக்கிக்கொண்டிருக்கப் போவதில்லை. அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

ஸ்நார்கல் செய்வது ஒரே வேலை. காற்று உள்ளே நுழையும் வாயை மேலே தூக்கி வைக்கிறது. வாயை மட்டும்தான். அதற்குப் பிறகு காற்று போகும் பாதை முழுவதும் பழைய இடத்தில், பானட்டுக்குக் கீழேயேதான் இருக்கிறது. சக்கரத்துக்கு மேலுள்ள தகடான ஃபெண்டரைத் துளைத்து உள்ளே வரும் இடம், அங்கிருந்து பெட்டிக்குப் போகும் குழாய், பெட்டியின் மூடி, அடியில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டை, பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ், அதன் இரண்டு முனைக் கிளாம்ப்புகள். இதில் எந்த இடம் கசிந்தாலும், அந்த இடம் தண்ணீருக்குள் போனால் எஞ்சின் அங்கிருந்துதான் உறிஞ்சும். மேலே அழகாக ஒரு குழாய் நிற்பது அதற்குத் தெரியாது.

பெரும்பாலான பழைய வண்டிகளில் தொழிற்சாலைப் பெட்டி தூசியைத் தடுக்கச் செய்யப்பட்டது. தண்ணீருக்குள் முழுகச் செய்யப்பட்டதல்ல. ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சுத்தமான பக்கத்தை மட்டும்தான் இறுக்கி மூடுகிறது. தூசிப் பக்கம் அவ்வளவு இறுக்கமாக இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் அன்று இல்லை. இருபது வருட வண்டி என்றால் மூடியின் கிளிப் ஒன்றாவது உடைந்திருக்கும், ஹோஸின் மடிப்புகளில் வெடிப்பு இருக்கும். அதன்மேல் ஸ்நார்கலைக் கொண்டுவந்து சொருகிவிட்டு ஆற்றில் இறங்குகிறார்கள்.

இன்னொரு வகை இதைவிட மோசம். ஸ்நார்கலின் அடிமுனையை ஃபெண்டருக்குள் விட்டுவிட்டு, பெட்டியோடு சேர்க்காமலேயே மூடிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பிரமாதம். பெட்டியோ இன்னும் ஃபெண்டருக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. சேர்த்தவர்களிலும் சிலர் வன்பொருள் கடையில் வாங்கிய பிவிசி குழாயையும் குளியலறை சிலிக்கோனையும் நம்புகிறார்கள். எஞ்சின் சூட்டிலும் எண்ணெய்ப் புகையிலும் அது உரிந்து வரும். ஃபில்டருக்குப் பிறகுள்ள இணைப்பில் தடவியிருந்தால், உரிந்த துண்டு நேராக எஞ்சினுக்குள். தயவுசெய்து வேண்டாம்.

சரி, எல்லா இணைப்பும் சீராகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் கியர்பாக்ஸுக்கும் மூச்சுக்குழாய் இருக்கிறது, அதை யாரும் நினைப்பதேயில்லை. சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், மூச்சுக்குழாய் தாழ்வாக இருந்தால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அடுத்த சர்வீஸில் எண்ணெய் வெள்ளையாக வழியும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் கையேடே நீரில் இறங்கும் ஆழத்தை அரை மீட்டர் என்றுதான் வைத்தது. கரடுமுரடான பாதைக்கென்றே பேர்போன வண்டி அது. ஜிம்னி சுமார் ஒரு டன் எடைதான். ஓடும் தண்ணீரில் எஞ்சின் நிற்பதற்கு முன்பே வண்டி நகர ஆரம்பித்துவிடும்.

"ஃபிளாஷ் ஃபிளட் வந்தால் உதவுமே" என்பவர்களும் உண்டு. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோடு மூழ்கியது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் இங்கே வெள்ளம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடுகிறது. தண்ணீர் அமைப்பான பியூபியின் வெள்ள எச்சரிக்கையைப் பாருங்கள், ஓரமாக நிறுத்துங்கள், ஒரு காப்பி குடியுங்கள்.

உண்மையில் ஸ்நார்கலின் நல்ல பயன் தூசிக்குத்தான். ஜோகூரில் கோத்தா திங்கி, குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டப் பாதையில் நான்கு வண்டிகளுக்குப் பின்னால் போனவர்களுக்குப் புரியும். செம்மண் தூசி சக்கர உயரத்தில்தான் அடர்த்தி. கூரை உயரத்தில் குறைவு, ஃபில்டரும் அதிக நாள் தாங்கும். ஆனால் ஃபில்டருக்குப் பிறகு ஒரு மயிரிழைக் கசிவு இருந்தால், தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் சத்தமில்லாமல் தேய்க்கும். எண்ணெய் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் எங்களிடம் வருவார்கள். என்னைக் கேட்டால் தண்ணீரைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

பெட்டி இல்லாமல் மாட்டும் கூம்பு வடிவக் கோன் ஃபில்டரைப் பற்றிச் சுருக்கமாக. பெட்டியைக் கழற்றிவிட்டு அதைத் திறந்தபடி எஞ்சின் பக்கத்தில் வைத்தால் அது குடிப்பது சூடான காற்று. 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 விழுக்காடு குறைகிறது. கூடுவது சத்தம், அதைத்தான் பவர் என்று நினைக்கிறார்கள். ஃபில்டரில் எண்ணெயை அள்ளிப் பூசினால் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சரில் படிந்து அது தப்பான கணக்குச் சொல்லும். எஞ்சினின் புகையைப் பெட்டிக்குக் கொண்டுவந்த பிரீதர் ஹோஸை எங்கே விட்டீர்கள் என்று கேட்டால் தலையைச் சொறிகிறார்கள்.

இதையெல்லாம் பெரும்பாலும் அடுக்குமாடிக் கார்பார்க்கில் வைத்துச் செய்கிறார்கள். அங்கே வண்டி வேலை பார்க்கவே கூடாது. ஃபெண்டரில் ஓட்டை போட்ட இரும்புத்தூளைக் கூட்டாமல் விட்டு, வெட்டிய விளிம்பில் பெயின்டும் அடிக்காமல் விட்டால், நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே துரு பிடிக்கும். எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், எது கூடவே கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் படியுங்கள். பத்து வயது தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் பரிசோதனை உண்டு, அந்த வாரம் எங்களிடம் ஓடி வராதீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஆசை விடவில்லையா? உங்கள் வண்டி மாடலுக்கென்றே வரும் கிட்டை வாங்குங்கள். பெட்டியின் அடி ஓட்டையில் நல்ல ஒருவழி ரப்பர் வால்வு போடுங்கள். அந்த ஓட்டையைச் சிலிக்கோனால் அடைத்தால் மழைத்தண்ணீர் ஸ்நார்கல் வழியாக வந்து பெட்டிக்குள்ளேயே தேங்கும். வேலை முடிந்ததும் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்நார்கல் வாயைத் தட்டையான பலகையால் மூடிப் பாருங்கள். சில விநாடிகளில் எஞ்சின் திணறி அணைய வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் வேறெங்கோ மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம், அந்த வண்டியைத் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தூசிப் பயணம் முடித்து வந்ததும் ஃபில்டருக்குப் பிந்தைய குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் தெரிந்தால் உடனே வாருங்கள்.

தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். "ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன்" என்பதிலேயே ராடு வளைந்துவிடலாம். இழுத்துக்கொண்டு வாருங்கள், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றினால் பல எஞ்சின்கள் பிழைத்துக்கொள்ளும். "மழையில் நனைந்தது" என்று மழுப்ப வேண்டாம், பெட்டியைத் திறந்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம், கழற்றிய ஒரிஜினல் பெட்டியையும் ஹோஸையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய மாடல்களுக்கு அவை இப்போது லேசில் கிடைப்பதில்லை.