குழந்தை இதய மருத்துவர் தேர்வுக்குக் கேள்வி எழுதுபவர்களுக்கு

"டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ உள்ள குழந்தைகளில் எத்தனை சதவீதத்தினருக்குப் பெருநாடி வளைவு வலப்பக்கம் இருக்கும்?" (டெட்ராலஜி என்பது நான்கு குறைகள் சேர்ந்த பிறவி இதய நோய். பெருநாடி என்பது இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், அதன் வளைவு வழக்கமாக இடப்பக்கம் இருக்கும்.) விடைகள் 15, 20, 25, 30. சான்றிதழ்த் தேர்வுக்கு வரும் வரைவுகளில் இந்தக் கேள்வி ஏதாவதொரு வடிவத்தில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. ஒரு பாடநூல் 20 என்னும், இன்னொன்று 25 என்னும். எழுதியவரிடம் இருந்த அதே நூலைப் படித்தவருக்கு மதிப்பெண் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. பச்சிளங்குழந்தையின் இதயத்தை ஒருவரிடம் ஒப்படைக்கலாமா என்பதை இதை வைத்தா முடிவு செய்வது?

ஏன் இப்படி என்று கேட்டால், "சிறப்பு மருத்துவர் தேர்வு கடினமாகத்தானே இருக்க வேண்டும்" என்று பதில் வருகிறது. எல்லாக் கோளாறுக்கும் வேர் இந்த எண்ணம்தான். கேள்வி எவ்வளவு கடினம் என்பது ஒரு கணக்கு. தேறியவரையும் தேறாதவரையும் அது பிரித்துக் காட்டுகிறதா என்பது வேறொரு கணக்கு. நான்கு விடைகள் உள்ள கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே 25 சதவீதம் பேருக்குச் சரியாக வரும். உங்கள் 'கடினமான' கேள்விக்கு 25 சதவீதம் பேர்தான் சரியாக விடையளித்தார்கள் என்றால், அது அறிவை அளந்ததா, அதிர்ஷ்டத்தை அளந்ததா என்று சொல்லவே முடியாது.

மாறாக, 90 சதவீதம் பேர் சரியாக எழுதும் கேள்வியும் தாளில் இருக்க வேண்டியதாக இருக்கலாம். பிறந்து இரண்டாம் நாள் நீலம் பாரித்த குழந்தை, முழு ஆக்சிஜன் கொடுத்தும் இரத்தத்தில் அதன் அளவு ஏறவில்லை, நுரையீரல் தெளிவாக இருக்கிறது. இந்த நிலையில் புராஸ்டாகிளாண்டின் (பிறந்த பின் மூடிக்கொள்ளும் இதயத்தருகே உள்ள இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் மருந்து) தொடங்கத் தோன்றாத 10 சதவீதம் பேர் யார் என்று தெரிந்தே ஆக வேண்டும். அந்தக் கேள்வியை 'எளிது' என்று நீக்குவது பெரிய தவறு.

தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் மொத்த மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பெண்ணைப் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று -1 முதல் 1 வரை காட்டும் எண்) பாருங்கள். பொதுவாக 0.2-க்கு மேல் இருந்தால் கேள்வி வேலை செய்கிறது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. எதிர்மறையாக வந்தால், நன்றாகப் படித்தவர்கள் தவறவிடுகிறார்கள் என்று பொருள். முதலில் விடைக்குறிப்பு தவறா என்று பாருங்கள், பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும். மதிப்பெண் வெளியிடும் முன் பார்க்க வேண்டும். வெளியிட்ட பிறகு திருத்துவது யாருக்கும் நல்லதல்ல.

வலப்பக்கப் பெருநாடி வளைவை விட்டுவிட மனமில்லையா? நல்லது, அதைக் கட்டிலருகே கொண்டு வாருங்கள். டெட்ராலஜியோடு வலப்பக்க வளைவும் சேர்ந்தால் டைஜார்ஜ் என்ற மரபணுக் கோளாறுக்கான வாய்ப்பு கூடுகிறது. அப்படிப்பட்ட குழந்தைக்கு அறுவை சிகிச்சை முடிந்த இரவில் வலிப்பு வருகிறது. உடனே எதை அளப்பீர்கள்? இரத்தத்தில் அயனியாக்கப்பட்ட கால்சியத்தை. டைஜார்ஜில் அது குறைந்து வலிப்பு வரலாம். அதே உண்மைதான், ஆனால் இப்போது அது ஒரு முடிவைக் கேட்கிறது. புராஸ்டாகிளாண்டினும் அப்படியே. மருந்தின் பெயரைக் கேட்டு நிறுத்தாதீர்கள். நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையை வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது, வண்டியில் எந்த ஆபத்துக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். மூச்சு நின்றுபோகலாம் என்பது தெரிந்தவர் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் விடைகளைக் கையால் மறையுங்கள். கேள்வியை மட்டும் படித்து ஒரு நிபுணர் பதில் சொல்ல முடிய வேண்டும். "பின்வருவனவற்றுள் எது சரி?" என்று முடியும் கேள்வி இந்தச் சோதனையில் அப்போதே விழுந்துவிடும். "எது தவிர" வேண்டாம். "மேற்கண்ட அனைத்தும்" வேண்டவே வேண்டாம். விடைகள் எல்லாம் ஒரே இனமாக இருக்கட்டும். மூன்று மருந்துக்கு நடுவே ஒரு பரிசோதனையைச் செருகாதீர்கள். சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட இரு மடங்கு நீளமாக இருக்கிறதா? தேர்வர் அதைக் கண்டுபிடித்துவிடுவார், இதயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே. நான்காவது தவறான விடைக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 5 சதவீதம் பேர்கூடத் தேர்ந்தெடுக்காத விடை இருந்தும் இல்லாததுதான். நம்பும்படியான மூன்றே போதும்.

படங்களில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஈசிஜி என்றால் தாளின் வேகம் வினாடிக்கு 25 மில்லிமீட்டர், ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். குழந்தையின் வயதில்லாமல் ஈசிஜி கொடுக்கவே கூடாது, பச்சிளங்குழந்தைக்கு இயல்பான வலது வெண்ட்ரிக்கிள் (இதயக் கீழறை) மேலோங்கல் பள்ளி வயதில் நோய். எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படத்தில்) சில மையங்கள் இதய நுனியை மேலே வைத்துக் காட்டும், சில கீழே வைத்துக் காட்டும். தாள் முழுவதும் ஒரே முறை இருக்கட்டும், அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பயிற்சி பெற்ற இடத்தின் பழக்கத்துக்காக ஒருவர் தோற்கக் கூடாது.

வினா வங்கியில் கிடக்கும் பழைய கேள்விகளுக்கும் வயதாகிறது. 2007-இல் அமெரிக்க இதயச் சங்கம் எண்டோகார்டைட்டிஸ் (இதய உட்சுவர்த் தொற்று) தடுப்புக்கான ஆன்டிபயாட்டிக்கை மிக அதிக ஆபத்துள்ளவர்களோடு நிறுத்திக்கொண்டது. சாதாரண வெண்ட்ரிக்கிள் தடுப்புச் சுவர் ஓட்டை உள்ள குழந்தை பல் பிடுங்கும்போது 'ஆம், கொடு' என்றிருந்த விடைக்குறிப்பு அந்த வழிகாட்டுதலின்படி அன்றோடு தவறாகிவிட்டது. இருந்தும் அத்தகைய கேள்வி யாரும் தொடாமல் வங்கியில் கிடந்துவிடுகிறது.

தேர்ச்சி மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். '50 எடுத்தால் பாஸ்' என்று தாளைப் பார்க்கும் முன்பே முடிவு செய்வது எதன் அடிப்படையில்? ஆங்காஃப் முறையில், தேர்ச்சியின் விளிம்பில் நிற்கும் ஒரு மருத்துவரை நடுவர் ஒவ்வொருவரும் மனத்தில் நிறுத்திக்கொண்டு, அப்படிப்பட்ட 100 பேரில் எத்தனை பேர் இந்தக் கேள்விக்குச் சரியாக விடையளிப்பார்கள் என்று கேள்விவாரியாக மதிப்பிடுவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவர்களின் சராசரியை 100-ஆல் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டினால் தேர்ச்சிக் கோடு கிடைக்கும். 150 கேள்விகளுக்குக் கூட்டுத்தொகை 102 வந்தால் கோடு 68 சதவீதம். இங்கே நடக்கும் வழக்கமான பிழை, நடுவர் தன்னையே மனத்தில் வைத்து மதிப்பிடுவது. பெரிய பேராசிரியர்களை மட்டும் நடுவர்களாக உட்கார வைத்தால் கோடு வானத்தில் நிற்கும். பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர்களையும் தயவுசெய்து அழையுங்கள்.

வரைவை அனுப்பும்போது விடைக்குறிப்போடு, ஒவ்வொரு தவறான விடையும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். எந்த வழிகாட்டுதலை நம்பி எழுதினீர்கள், எந்த ஆண்டு என்பதையும் குறியுங்கள். அந்த ஒரு வரியை எழுத முடியாமல் பேனா நின்றால், கேள்வியை அனுப்பாதீர்கள்.