பைலட் எண்ணுக்குத் தமிழ் 'முன்னோடி எண்' அல்ல

அலுவலகத் தொலைபேசிகளுக்குக் குரலஞ்சல் (வாய்ஸ்மெயில்) அமைக்கும் தமிழ்க் கையேடுகளில் 'முன்னோடி எண்ணை உள்ளிடவும்' என்று ஒரு வரி வருகிறது. ஆங்கிலத்தில் 'பைலட் நம்பர்' என்று இருப்பதைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கடைசியாக நான் பார்த்த அலுவலகத்தில், அந்தக் கட்டத்தில் அவர்கள் எப்போதோ கைவிட்டுவிட்ட பழைய தொலைபேசி எண்ணைப் போட்டு வைத்திருந்தார்கள். போட்டவர் மேல் ஒரு தப்பும் இல்லை. முன்னோடி என்றால் இதற்கு முன் இருந்தது என்று எடுத்துக்கொண்டார், படிக்கிறவர் வேறெப்படி எடுத்துக்கொள்வார்? விளைவு, யாரும் எடுக்காத அழைப்புகள் எல்லாம் இல்லாத எண்ணுக்குப் போய் அறுந்துகொண்டிருந்தன.

சரி, பைலட் எண் என்பது என்ன? அந்த எண்ணில் எந்த மேசையிலும் தொலைபேசி கிடையாது. ஒருவர் இருக்கையில் இல்லை, அல்லது பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பகம் அழைப்பை இந்த எண்ணுக்குத் தள்ளிவிடும். இதன் பின்னால் குரலஞ்சல் இயந்திரத்தின் நாலைந்து இணைப்புகளோ நாற்பதோ இருக்கும், எது காலியோ அது எடுத்துக்கொள்ளும். முதலில் யாரை அழைத்தார்கள் என்ற தகவலும் கூடவே போவதால்தான் செய்தி சரியான பெட்டியில் விழுகிறது. ஊழியரே தன் தொலைபேசியிலிருந்து அந்த எண்ணை அழுத்தினால் அவருடைய உள் எண்ணை அடையாளம் கண்டு கடவு எண்ணை மட்டும் கேட்கும். விற்பனைப் பிரிவில் 6 தொலைபேசிகள் இருந்து, வெளியாருக்கு ஒரே எண்ணைக் கொடுத்து, அதை அழைத்தால் ஒவ்வொன்றாகவோ எல்லாமாகவோ ஒலிக்கும்படி வைப்பார்கள் இல்லையா, அந்த ஒற்றை எண்ணுக்கும் இதே பெயர்தான்.

சொல்லின் வேரைப் பார்த்தால் அது கடலில் இருக்கிறது. திசைதிருப்பும் துடுப்பைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. 1903இல் விமானம் பறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பலை நடத்துபவன்தான் பைலட். நம்மிடம் அவனுக்குச் சங்கப் பாடலிலேயே நீகான் என்ற பெயர் உண்டு, பிறகு மீகாமன்.

'முன்னோடி' எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. 'முன்னோடித் திட்டம்' என்று எழுதிப் பழகிய கை, பைலட் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் அதையே போடுகிறது. திட்டத்துக்கு அது நல்ல சொல், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஒன்றைச் சின்ன அளவில் செய்துபார்க்கிறோம், மற்றவை பின்னால் வருகின்றன, எனவே முன்னே ஓடுவது முன்னோடி. எண்ணில் என்ன சோதனை நடக்கிறது? 'வழிகாட்டுவதுதானே பைலட், அணிவகுப்பில் முதலில் போகும் வண்டியையும் பைலட் வண்டி என்கிறோமே' என்று ஒரு நண்பர் என்னோடு வாதாடினார். அந்த வண்டி முன்னால் ஓடுகிறது, சரி. இந்த எண் எங்கும் ஓடுவதில்லை. இருந்த இடத்தில் இருக்கிறது, அழைப்புகள்தான் அதை நோக்கி வருகின்றன, வந்தபின் உள்ளே பிரிந்து போகின்றன. முன்னால், பின்னால் என்ற பேச்சே இங்கே இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அமைப்புத் திரைகளில் ஏற்கெனவே டீஃபால்ட்டுக்கு முன்னிருப்பு இருக்கிறது, பிரீஃபிக்ஸுக்கு முன்னொட்டு இருக்கிறது, ஃபார்வர்டுக்கு முன்னனுப்பு இருக்கிறது. அங்கே போய் முன்னோடியையும் உட்காரவைத்து, 'முன்னிருப்பு முன்னோடி எண்ணுக்கு முன்னனுப்பு' என்று ஒரு வரி எழுதிவிட்டு, படிப்பவருக்குத் தமிழ் தெரியவில்லை என்று குறைபட்டால் என்ன நியாயம்?

'விமானி எண்' என்று இயந்திர மொழிபெயர்ப்பு தருவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் அவ்வளவு கெடுதல் இல்லை, பார்த்த உடனே தப்பு என்று யாருக்கும் தெரிந்துவிடும். முன்னோடி எண் அப்படி இல்லை, நல்ல தமிழ் போலவே இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. இதே திரையில் 'வேட்டைக் குழு' (ஹண்ட் குரூப்) என்றும் ஒன்று வரும், மேலே சொன்ன விற்பனைப் பிரிவு போல ஒரே எண்ணுக்கு ஒலிக்கும் தொலைபேசிகளின் குழு அது. ஸ்ட்ரோஜர் 1891இல் காப்புரிமை பெற்ற தானியங்கி இணைப்பகத்தின் வழிவந்தவற்றில், ஒரு கை நிஜமாகவே ஒவ்வொரு தொடுமுனையாக நகர்ந்து காலி இணைப்பைத் தேடும். அந்தத் தேடலை ஆங்கிலத்தில் வேட்டை என்றார்கள், நாமும் ஏன் வேட்டைக்குப் போக வேண்டும்? 'அழைப்புக் குழு' போதும். மொழிபெயர்ப்பாளர்களுக்குத் திரையைக் காட்டாமல் வெறும் சொற்பட்டியலைக் கொடுக்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் 'இது எந்த எண், யார் அழைப்பது?' என்று ஒரு கேள்வி திருப்பிக் கேட்கலாமே. சரிபார்ப்பவர்களும் பட்டியலில் இருக்கும் சொல்தானா என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள்.

அப்புறம் எதைத்தான் வைப்பது? மீகாமன் எனக்குப் பிடித்த சொல், ஆனால் 'மீகாம எண்' என்று போட்டால் அகராதி புரட்டத்தான் வேண்டும். 'தலைமை எண்' என்றால் தலைமை அலுவலகத்தின் எண் என்று நினைப்பார்கள். 'நுழைவு எண்' கடவு எண்ணோடு குழம்பும், அதுவும் குரலஞ்சலில் இரண்டும் அடுத்தடுத்து வரும். நான் 'முகப்பு எண்' என்கிறேன். இணையதளத்தின் முகப்புப் பக்கம் எல்லோருக்கும் பழக்கம், வருகிறவர் முதலில் வந்து நிற்கும் இடம் என்ற பொருள் அதில் தானாகவே கிடைக்கிறது, இந்த எண் செய்வதும் அதைத்தான். குரலஞ்சலுக்கு 'குரலஞ்சல் முகப்பு எண்', விற்பனைப் பிரிவுக்கு 'குழு முகப்பு எண்' என்று ஒட்டிக்கொள்ளவும் வசதி. இதையும் ஏற்க மனமில்லாதவர்கள் 'பைலட் எண்' என்றே விட்டுவிடட்டும். அதைப் பார்க்கிறவர் புரியவில்லை என்று யாரையாவது கேட்பார், பழைய எண்ணைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போகமாட்டார்.