ஐ7 போட்டா கேம் பறக்குமா?

2023 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், அக்கா மகன் கையில் ஒரு கொட்டேஷனோடு வந்து நின்றான். சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஏதோ ஒரு கடையில் எழுதி வாங்கியது. கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர், 60 ஆயிரம் ரூபாய்க்குள். "ஐ7 மாமா! எட்டு கோர்! கேம் சும்மா பறக்கும்னு கடைக்காரர் சொன்னார்."

வாங்கிப் படித்தேன். இன்டெல் ஐ7 10700எஃப் பிராசஸர், ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி ராம், 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, கேள்விப்படாத பெயரில் ஒரு பவர் சப்ளை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் கலர் கலராக எரியும் நாலு ஃபேனும் வைத்த கேபினட். மானிட்டர் கிடையாது. ஹாலில் இருக்கும் 4கே டிவியில் மாட்டிக்கொள்வதாகத் திட்டம்.

பவர் சப்ளையை விட்டுவிட்டால், தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதுவும் குப்பை இல்லை. ஆனால் இவை ஒன்றாக வேலை செய்யப்போகிறவை, அங்கேதான் இந்தப் பட்டியல் இடித்தது. ஏன் என்று அவனுக்குச் சொல்ல ஆரம்பித்து, டீ ஆறிப்போகும் வரை பேசினேன். அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சினிமாவில் ஓடும் படங்கள் எல்லாம் முன்பே எடுத்து முடித்தவை. கேமில் அப்படி இல்லை, நீங்கள் மௌஸை இடது பக்கம் திருப்பிய பிறகுதான் இடது பக்கத்தில் என்ன தெரிய வேண்டும் என்ற படமே பிறக்கிறது. அந்த ஒரு படத்துக்குப் பெயர் ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒன்றைத் தயாரிக்கக் கிடைக்கும் நேரம் 16.67 மில்லி நொடி. 144 வேண்டுமென்றால் 6.94 மில்லி நொடிதான். ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்குவது கம்ப்யூட்டரை அல்ல, இந்த மில்லி நொடிகளை. எந்த பாகம் அதை அதிகமாகத் தின்கிறதோ அங்கே பணத்தைப் போட வேண்டும், மற்ற இடங்களில் கஞ்சத்தனம் பண்ணலாம்.

ஃபிரேம் முதலில் பிராசஸரில் தொடங்குகிறது. நீங்கள் எந்தக் கீயை அழுத்தினீர்கள், குண்டு யார் மேல் பட்டது, எதிரி எந்தப் பக்கம் ஓட வேண்டும், இந்தக் கோணத்தில் எந்தெந்தப் பொருள் கண்ணுக்குத் தெரியும் என்று எல்லாவற்றையும் அது கணக்குப் போட்டு, "இதை இதை வரை" என்று கிராபிக்ஸ் கார்டுக்கு உத்தரவு அனுப்புகிறது. கேமில் பொருள்கள் எல்லாம் குட்டிக் குட்டி முக்கோணங்களால் ஆனவை. கார்டு அந்த முக்கோணங்களை எல்லாம் திரையில் எங்கே விழும் என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டுகிறது. பிராசஸர் ஓட்டல் தோசை மாஸ்டர் மாதிரி: ஒன்று நெய் ரோஸ்ட், ஒன்று வெங்காயம், ஒன்றில் காரம் வேண்டாம், விதவிதமான ஆர்டரை வேகமாக, ஆனால் ஒரு கல்லில் ஒரு சிலவாக முடிப்பார். கிராபிக்ஸ் கார்டு இட்லிக் கொப்பரை. எல்லாம் ஒரே மாதிரி, ஆனால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில். ரைசன் 5 5600 பிராசஸரில் இருப்பது ஆறு கோர், அதாவது ஆறு மாஸ்டர். ஆர்எக்ஸ் 6600 கார்டில் சின்னச் சின்னக் கணக்குப் போடும் அலகுகள் 1,792.

இட்லி எத்தனை என்பதைத் தீர்மானிப்பது திரை. 1920க்கு 1080, அதாவது 1080பி திரையில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். 4கே திரையில் சரியாக அதைப் போல நான்கு மடங்கு, 82 லட்சத்து 94 ஆயிரத்து 400. ஹால் டிவியைக் கணக்கில் சேர்த்த நொடியிலேயே பயல் தன் கார்டின் தலையில் நான்கு மடங்கு சுமையை ஏற்றிவிட்டான், அவனுக்கே தெரியாமல். அதனால்தான் கம்ப்யூட்டர் கட்டுவதென்றால் மானிட்டரிலிருந்து தொடங்கு என்று சொல்வேன். கடைசியில் மிச்சக் காசில் வாங்கும் சாமான் அது கிடையாது.

இனி முக்கியமான கணக்கு. கார்டு ஒரு ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசஸர் அடுத்த ஃபிரேமுக்கான வேலையைத் தொடங்கிவிடும், இரண்டும் ஒன்றுக்காக ஒன்று சும்மா நிற்பதில்லை. ஆகவே மொத்த வேகத்தை முடிவு செய்வது இரண்டில் மந்தமானது. ஒரு உதாரணத்துக்கு, பிராசஸர் 8 மில்லி நொடி எடுக்கிறது, கார்டு 20 எடுக்கிறது என்று வையுங்கள். நொடிக்கு 50 ஃபிரேம் வரும். இப்போது இரண்டு மடங்கு விலையில் பிராசஸர் வாங்கி 8ஐ 4 ஆக்குகிறீர்கள். எவ்வளவு வரும்? அதே 50. அதற்குப் பதில் கார்டை மாற்றி 20ஐ 10 ஆக்கியிருந்தால் 100. அதற்கு மேல் கார்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் 8 மில்லி நொடி பிராசஸர் 125க்கு மேல் போக விடாது. ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால் லாபத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967லேயே சொல்லி வைத்த விஷயத்துக்கு நெருங்கிய உறவுதான் இது.

கையில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். கேமில் ரெசல்யூஷனை, அதாவது வரைய வேண்டிய புள்ளிகளின் எண்ணிக்கையை, மட்டும் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை எகிறினால் கார்டுதான் தடை. அசையாமல் நின்றால் பிராசஸர்தான் தடை, ஏனென்றால் புள்ளிகள் குறைந்தாலும் அதன் வேலை பெரிதாகக் குறைவதில்லை. புது கார்டு வாங்கிவிட்டு "ஒன்றும் மாறலையே" என்று புலம்புபவர்கள் பலர் இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள்.

சரி, மருமகனின் 4 ஜிபி கார்டுக்கு வருவோம், வேடிக்கை அங்கேதான். சுவர், தரை, முகம் என்று எல்லாவற்றின் மேலும் போர்த்தும் படங்களுக்கு டெக்ஸ்சர் என்று பெயர். 4096க்கு 4096 அளவில் ஒன்று, சுருக்காமல் வைத்தால் 64 எம்பி. சுருக்கினாலும் 16 எம்பி. ஒரு காட்சியில் இப்படி நூற்றுக்கணக்கில் வரும், இவை எல்லாம் கார்டின் சொந்த நினைவகத்தில், அதாவது விரேமில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால்? மதர்போர்டில் இருக்கும் ராமிலிருந்து, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக இழுத்து வர வேண்டியதுதான். 6500 எக்ஸ்டி தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 144 ஜிபி எடுக்கும். ஆனால் வெளியே போகும் பாதையில் அதற்கு நாலே நாலு தடம்தான் கொடுத்திருக்கிறார்கள், மற்ற பெரும்பாலான கார்டுகளுக்கு எட்டோ பதினாறோ இருக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள போர்டில் அந்த நாலு தடத்தில் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி போகும், 3.0 போர்டில் அதில் பாதி. பட்டியலில் இருந்த ஐ7 10700எஃப் 3.0 மட்டும்தான் பேசும். ஆக 144 எங்கே, 4 எங்கே! அடுப்பங்கரையில் இருக்கும் மாவைக் கரண்டியில் அள்ளுவதற்கும், தீர்ந்த பிறகு நாலு தெரு தள்ளிச் சைக்கிளில் போய் வாங்கி வருவதற்கும் உள்ள வித்தியாசம். அந்த எட்டு கோரும் அதுவரை சும்மா உட்கார்ந்திருக்கும்.

சராசரி எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண், இந்தக் கோளாறை மறைத்துவிடும் என்பது கூடுதல் வம்பு. 99 ஃபிரேம் தலா 10 மில்லி நொடியில் வந்து, நூறாவது மட்டும் 100 மில்லி நொடி எடுத்தால் சராசரி நொடிக்கு 91 ஃபிரேமுக்கு மேல். காகிதத்தில் பிரமாதம். ஆனால் அந்த ஒற்றை ஃபிரேமில் திரை ஒரு வெட்டு வெட்டும், பெரும்பாலும் அதே நொடியில் எதிரி உங்களைச் சுட்டுவிட்டும் போயிருப்பான். ரிவ்யூ பார்க்கும்போது 1 சதவீத லோ என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள், மோசமான ஃபிரேம்களின் கதை அதில்தான் இருக்கிறது.

கோர் எண்ணிக்கையும் அப்படித்தான், ஏமாற்றும். கேமில் ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது என்கிற சங்கிலி நிறைய, எட்டு பேரிடம் பிரித்துக் கொடுக்க முடியாது. அங்கே உதவுவது ஒரு கோரின் வேகமும், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகமும். ராமுக்குப் போய்வரும் நேரத்தில் பிராசஸர் நூற்றுக்கணக்கான சுற்றுகளை வீணடிக்கிறது, தேவையானது கேஷிலேயே இருந்தால் அந்த நடை மிச்சம். இதற்கு, ரைசன் பிராசஸர்களைச் செய்யும் ஏஎம்டியே ஒரு நல்ல சாட்சி வைத்திருக்கிறது. 5800எக்ஸ், 5800எக்ஸ்3டி இரண்டும் எட்டு கோர், பின்னது கடிகார வேகத்தில் கொஞ்சம் குறைவுகூட. ஆனால் எல்3 கேஷ் 32 எம்பிக்குப் பதில் 96 எம்பி, பல கேம்களில் அதுதான் முந்துகிறது. பட்ஜெட்டுக்குள்ளும் இதே பாடம் உண்டு: 5600ல் 32 எம்பி கேஷ், பெயரில் ஒட்டிப் பிறந்தவன் மாதிரி இருக்கும் 5500லும் 5600ஜியிலும் 16 எம்பிதான். தனி கார்டே வாங்க முடியாதவர்களுக்கு 5600ஜி நல்ல தொடக்கம், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. தனி கார்டு உறுதி என்றால் 5600.

ராமில் செய்யும் தப்பு சின்னது, திருத்துவதும் சுலபம். டிடிஆர்4 3200 ராம் ஒரு சேனலில், அதாவது பிராசஸருக்குப் போகும் ஒரு பாதையில், நொடிக்கு 25.6 ஜிபி தரும். 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காக வாங்கினால் அவ்வளவுதான், இரண்டு எட்டாக வாங்கிச் சரியான ஸ்லாட்டில் (நாலு இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும்) போட்டால் 51.2. அப்புறம் மதர்போர்டின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸுக்குள் போய், ராமை முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாவிட்டால், பெட்டியில் 3200 என்று அச்சடித்திருந்தாலும் பெரும்பாலான ஸ்டிக்குகள் 2133, 2400, 2666 என்று ஏதாவது ஒன்றில்தான் சோம்பலாக ஓடும். வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பவர் சப்ளை விஷயத்தில் நான் சூடு கண்ட பூனை. கல்லூரி நாட்களில் நான் கட்டிய முதல் கம்ப்யூட்டரில் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றைக் காசு மிச்சம் என்று போட்டேன். மூன்றாம் மாதம் ஒரு ராத்திரி "டப்" என்றது, கூடவே மதர்போர்டும் போனது. பிற்பாடுதான் அந்த ஸ்டிக்கரின் பொடி எழுத்தைப் படித்தேன். பிராசஸரும் கார்டும் குடிப்பது 12 வோல்ட் தடத்திலிருந்து. அதில் எழுதியிருந்த ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் 200 வாட்டைக்கூடத் தொடவில்லை. கடையில் நின்றபடியே நீங்கள் செய்து பார்க்கக்கூடிய பெருக்கல் இது. 80 பிளஸ் முத்திரை, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதைத்தான் சொல்கிறது, பாதுகாப்புக்குச் சான்று அல்ல. அதனால் முத்திரையோடு, ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதா, எத்தனை வருஷ வாரண்டி என்றும் கேளுங்கள்.

கண்ணாடி கேபினட்டைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் ஹீட்சிங்க் என்னதான் செய்தாலும் சிப்பை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது, அறையைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் வைத்திருக்கும். டிசம்பரில் 65 டிகிரி காட்டியது மே மாதச் சென்னையில், ஏசி இல்லாத அறையில், பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடத்தான் காட்டும். இதில் காற்று நுழையும் முன்பக்கத்தைக் கண்ணாடியால் அடைத்துவிட்டு உள்ளே விளக்கு எரிய விடுவது எனக்குப் புரியாத அழகு. வலை முகப்பு உள்ளதாக வாங்கு என்றேன். முகம் சுருங்கிவிட்டது அவனுக்கு.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் பேசவில்லை. ஹார்டு டிஸ்க் வேண்டாம், அவ்வளவே. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டில் தேவையான இடம் சுழன்று வரவே சராசரி 4 மில்லி நொடிக்கு மேல் ஆகும், அதற்குமேல் முள் நகரும் நேரம். எம்.2 எஸ்எஸ்டிகளில் நொடிக்கு 3,500 எம்பி, 7,000 எம்பி என்று போட்டிருக்கும் வேக எண்களுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதே, கேமில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம்.

பட்டியலை மாற்றி எழுதினோம். ரைசன் 5 5600, பி450 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி ராம், 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்டுக்கே போனது, அதுதான் நியாயம். பி450யும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0தான், ஆனால் 6600க்கு எட்டுத் தடம், விரேமும் இரட்டிப்பு, அதனால் அந்தச் சைக்கிள் பயணம் அடிக்கடி நேராது. கார்டு 132 வாட், மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300க்குள் அடங்கும், 550 வாட் பவர் சப்ளை தாராளம். 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று இழுத்தான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டு வைத்துச் சுரங்கம் தோண்டுவதை நிறுத்திய பிறகு நிறைய கார்டுகள் சந்தைக்கு வந்தன, அப்போது விலையும் சல்லிசு. கடையில் மாட்டி அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல், ஃபேன் சத்தத்தைக் கேள், பில்லில் வாரண்டி மிச்சம் இருந்தால் யோசிக்கலாம் என்றேன். அவனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை, புதிதே எடுத்தான். மானிட்டர் பட்ஜெட்டைத் தாண்டியது. அதற்கு மட்டும் நான் அக்காவிடம் தனியாகப் பேசி, 1080பி, 144 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 144 முறை படத்தை மாற்றக்கூடியதாக, ஒன்று வாங்க வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து போன். "மாமா, எல்லாம் சூப்பர். ஆனா 144 ஹெர்ட்ஸ்னு அவ்ளோ சொன்னீங்களே, டிவிக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலையே. அம்மா வேற திட்றாங்க."

விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கைத் திறக்கச் சொன்னேன். 60 ஹெர்ட்ஸிலேயே இருந்தது.